மூடி பார்க்கும் பெண்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம்

திருநெல்வேலிப் பதிப்பில் பக்கங்களைக் குறைத்தபோது நாளிதழ் வேலையை விட்டுவிட்டு, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தேன். மருந்துப் புட்டிகளுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம் அது. வெள்ளை விளக்கின் மேல் ஓடும் பெல்ட்டில் மூடிகள் வரும். இரு பக்கமும் பெண்கள் நின்று கீறல், கரும்புள்ளி, நெளிந்த விளிம்பு உள்ளவற்றைப் பொறுக்கி எடுப்பார்கள்.

பிறகு செயற்கை நுண்ணறிவுக் கேமரா வந்தது. பெரும்பாலான மூடிகளை அதுவே தரம் பிரித்துவிடும். தனக்குச் சந்தேகமான மூடியை மட்டும் படம் பிடித்து ஒரு டேப்லெட்டுக்கு அனுப்பும். அதைப் பார்ப்பவர் ‘நல்லது’ அல்லது ‘கழிவு’ என்று அமுக்க வேண்டும். அந்தப் பதிலிலிருந்துதான் இயந்திரம் கற்றுக்கொள்கிறது. பதில் தவறானால் தவறையே கற்றுக்கொள்ளும்.

இந்த வேலைக்கு ஏற்கெனவே இருந்த அத்தனை பேரும் தேவையில்லை. தேர்வில் தேறுபவர்களுக்கு டேப்லெட் வேலை, நிரந்தர ஊழியராகவே தொடரலாம். மற்றவர்கள் பேக்கிங் பகுதிக்கு, ஒப்பந்தக்காரரின் கீழ் போக வேண்டும். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு பெண், பல வருடம் ஒப்பந்தத்தில் இருந்து அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தார். திரும்ப அங்கே போவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

கேமரா விற்ற நிறுவனம் சென்னையிலிருந்து ஒருவரை அனுப்பியது. அவர் கூட்ட அறையில் திரைபோட்டுப் பாடம் நடத்தி, கடைசியில் மூடிப் படங்களைக் கொண்டு தேர்வு வைத்தார். முதல் பிரிவில் அத்தனை பேரும் தேறினார்கள். முடிவுகள் என் மேசைக்கு வந்தபோது, எல்லோரும் ஒரே படங்களில் தவறியிருப்பதைக் கண்டேன். மூன்று நிருபர்கள் ஒரே வாக்கியத்தை அனுப்பினால், சம்பவ இடத்துக்குப் போனவர் ஒருவர்தான், மற்றவர்கள் பார்த்து எழுதியவர்கள் என்று செய்தி அறையில் கற்றிருந்தேன். அந்தத் தேர்வு செல்லாது என்று எழுதிக் கொடுத்தேன்.

உற்பத்தி மேலாளர் பாளையங்கோட்டைக்காரர், என் வயதுதான்.

“எல்லாரும் பாஸு. இதுல என்ன வே குறை கண்டீரு?”

“எல்லாரும் ஒரே படத்துல தப்பு பண்ணிருக்காங்க.”

“ஒத்துமையா இருக்காங்கன்னு வச்சுக்கிடும்.”

சீவலப்பேரிக்காரர் சாப்பாட்டுக் கூடத்தில் என்னை நிறுத்தினார். “பாஸானவள கூப்பிட்டு ஃபெயிலாக்குதீய. இது எந்த ஊரு நியாயம் சார்?”

பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: “விடுங்கக்கா. சாரு பேப்பர்ல இருந்தவரு. நல்ல சேதி எழுதிப் பழக்கமிருக்காது.”

மறுதேர்வை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்தேன். சீவலப்பேரிக்காரர் முறை வந்தது. டேப்லெட்டை வாங்கியவர் மெதுவாகக் கையை நீட்டினார். முழங்கை நிமிரும்வரை நீட்டிய பிறகும் தலையைப் பின்னால் சாய்த்தார். முதல் படத்துக்கே பதில் வரவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் எப்படிக் கைபேசியைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் முன் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. கதவைப் பார்த்தார்.

“கதவு சாத்தித்தான் இருக்கு,” என்றேன்.

“போன வருசம் ஒரு அக்கா கண்ணாடி போட்டுட்டு வந்தா சார். ஒரே வாரம். மூடி பாக்குற வேலைக்கு பார்வை இல்லாதவ எதுக்குன்னு பேக்கிங்ல தள்ளிட்டாங்க. பெல்ட்டுல எட்டி நின்னு பாக்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியாம இல்ல. இது கையில வச்சுப் பாக்கதுல்லா.”

“அன்னைக்கு எப்படி எழுதுனீங்க?”

“பக்கத்துப் பிள்ள அமுக்குனத நானும் அமுக்குனேன். நான் மட்டுமா?”

தேர்வை அங்கேயே நிறுத்தினேன். பயிற்சித் திட்டத்தில் நேரம் இருந்தது, மொழி இருந்தது, பஸ் நேரத்துக்கு முன் முடிய வேண்டும் என்பதுகூட இருந்தது. படம் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற கேள்வி இல்லை. சென்னைக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலாளரிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. கண் பரிசோதனை வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார். “அத வச்சா பாதிப் பேரு காலி வே. ஆள வெளிய அனுப்ப நீரே வழி சொல்லுதீரே.”

“அதனால முதல்ல ஆர்டர். கண்ணாடி போட்டா யாரையும் மாத்த மாட்டோம்னு உங்க கையெழுத்தோட. அதுக்குப் பிறகு பரிசோதனை, அதுக்குப் பிறகு தேர்வு. இந்த வரிசை மாறக் கூடாது.”

“இல்லன்னா?”

“கண் தெரியாம அமுக்குன பதிலத்தான் உங்க கேமரா படிச்சுக்கிட்டிருக்கும். கீறல் விழுந்த மூடி மருந்துக் கம்பெனிக்குப் போகும். அப்ப நீங்க யார பேக்கிங்குக்கு மாத்துவீங்க?”

மேலாளர் பேனாவை எடுத்தார். “ஆர்டர் போடுதேன். ஆனா கண்ணாடி போட்ட பிறகும் ஃபெயிலானா ஃபெயிலுதான், பாத்துக்கிடும்.” அதை நான் ஒத்துக்கொண்டேன்.

உத்தரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கண் பரிசோதகர் வந்து கருவிகளோடு உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. பலகையைப் படிப்பதும், அறையை எட்டிப் பார்ப்பதும், பெல்ட்டுக்குத் திரும்புவதுமாக இருந்தார்கள். தேநீர் இடைவேளையில் சீவலப்பேரிக்காரர்தான் முதலில் உள்ளே வந்தார்.

“நான் மறைச்சது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி என்னத்த மறைக்க,” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே நின்றவர்களைப் பார்த்து, “ஏட்டி, வேடிக்கையா பாக்கீய? எனக்கு வேல போச்சுன்னா அப்ப பாருங்க,” என்றார். அவர் எழுந்திருப்பதற்குள் வாசலில் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது.

கண்ணாடிகள் வந்து சேரும்வரை தேர்வைத் தள்ளிவைத்தேன். மேலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். கண்ணாடி வராமல் தேர்வு இல்லை என்று இரண்டு முறையும் சொல்லி அனுப்பினேன். இடைப்பட்ட நாட்களில் கூட்ட அறையை விட்டுவிட்டு பெல்ட் பக்கத்திலேயே பயிற்சி நடத்தினேன். அசல் மூடி ஒரு கையில், அதன் படம் இன்னொரு கையில்.

கண்ணாடிகள் வந்ததும் மறுபடி தனித்தனியாகத் தேர்வு வைத்தேன். இந்த முறை தவறுகள் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தன. சிலர் தேறவில்லை. அவர்களில் நல்ல பார்வை உள்ள ஒரு இளம்பெண்ணும் உண்டு. அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை, நானும் கேட்பதை விடவில்லை.

சீவலப்பேரிக்காரர் தேறினார், மயிரிழையில். டேப்லெட் வேலை அவருக்கு என்று சொன்னேன். தலையை ஆட்டினார், போகவில்லை.

“பாஸுன்னு சொல்லுதீய. எதுல எல்லாம் தப்பா அமுக்குனேன்னு சொல்லலியே.”

“அது இப்ப எதுக்கு?”

“நாளைக்கு அதே மாதிரி மூடி வராதா சார்?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லி, நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தவறிய முதல் படத்தைத் திறந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

“இது கீறல் இல்ல, முடி. வெளக்குல கெடந்திருக்கு,” என்றார். “அடுத்தத காட்டுங்க.”