லாரியில் ஏறிய பள்ளிக்கூடம்

தலைமையாசிரியர் முகாஷ் பள்ளிக்கூடத்தின் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. கரும்பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை.

ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போலந்து நாட்டிலிருந்து வந்திருந்த நான்கு கல்லூரி மாணவர்கள் முதுகுப்பையை இறக்காமலே வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நரீன் நகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டிவந்தவள் சாயிராகுல். அவளுடைய பால் லாரி இன்னும் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்க எங்க சார்?" என்று நால்வரில் ஒருத்தி தட்டுத்தடுமாறிய ரஷ்ய மொழியில் கேட்டாள்.

முகாஷ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "மேல."

"மேலன்னா?"

அவர் மலையைக் காட்டினார். ஜூன் மாதம் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆடு, மாடு, குதிரை வைத்திருந்த குடும்பங்களெல்லாம் மே மாதக் கடைசியிலேயே மூட்டை கட்டி, ஜைலோ என்கிற கோடை மேய்ச்சல் வெளிக்கு ஏறிவிட்டன. செப்டம்பர் நெருங்கினால்தான் இறங்கும்.

"லீவுல வர்றோம்னு எழுதியிருந்தாங்க சாயிரா. நான் குளிர்கால லீவுன்னு நினைச்சேன்," என்று அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு முணுமுணுத்தார். "ஜனவரி முழுக்க அடுப்பு எரிச்சு வச்சுக் காத்துக்கிட்டிருந்தேன். வரல, சரி விட்டாங்கன்னு இருந்துட்டேன். முந்தாநாள் போன் வருது, விமானத்துல ஏறிட்டோம்னு."

சாயிராகுல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத தாயி. நாளைக்கே திரும்பக் கொண்டுபோய் பஸ் ஏத்திவிட்டுடு. நான் மன்னிப்புக் கடுதாசி எழுதித் தர்றேன்."

கேள்வி கேட்ட பெண் அதற்குள் படியில் உட்கார்ந்து பையைத் திறந்து எதையோ மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கையால் வரைந்து வண்ணம் தீட்டிய அட்டைகள். ஆப்பிள், பூனை, வீடு, மழை. நூறு அட்டையாவது இருக்கும். சாயிராகுல் அதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பு முடித்த வருஷம் சோவியத் நாடு கலைந்தது, கூட்டுப்பண்ணையும் கலைந்தது, அவளுடைய அப்பாவும் அதே குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆடு மேய்க்கப் போனாள். பத்தொன்பது வயதில் கல்யாணம். புருஷன் எர்கின் லாரி ஓட்டினான், பிறகு மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். லாரி கொட்டகையில் நின்று துருப்பிடித்தது. இரண்டு குளிர்காலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் வசந்தத்தில் தானே என்ஜினைப் பிரித்தாள். போனில் எர்கின் சொல்லச் சொல்ல, பன்னிரண்டு நாளில் மறுபடி பூட்டினாள். மலைமேலிருந்து பாலை இறக்கிப் பால் நிலையத்தில் சேர்க்கும் வேலை கேட்டுப் போனபோது ஆண்கள் கேலி செய்தார்கள். "பொம்பளை ஓட்டுற லாரியில பால் பாதி வழியிலயே தயிராயிடும்," என்று தொக்தோர்பாய் என்ற மந்தைக்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்பது கோடை ஓடிவிட்டது. அவள் கொண்டுவந்த பால் ஒரு கேன்கூடத் திரியவில்லை.

"சார், பிள்ளைங்க கீழ வராது," என்றாள் அவள். "இவங்களைத்தான் மேல கொண்டுபோகணும். நான் தெனமும் போறவதான?"

"பள்ளிக்கூடம் இங்க இருக்கும்மா."

"கரும்பலகை நாலு ஆணியிலதான தொங்குது? கழட்டித் தாங்க."

முகாஷ் உள்ளே போய்க் கரும்பலகையின் ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஆணி பிடுங்கும் குறடைத் தேடிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிகாலை லாரியில் காலிப் பால்கேன்கள், அவற்றுக்கு மேலே கம்பளி சுற்றிய கரும்பலகை, ஆறு பெஞ்சு, ஒரு பெட்டி சுண்ணாம்புக்கட்டி, நான்கு போலந்துக்காரர்கள். முன்னால் உட்கார்ந்த, அட்டை வைத்திருந்த பெண்ணின் பெயர் யாகோதா. ரஷ்ய மொழியில் அது ஏதோ ஒரு பழத்தின் பெயர்போலக் கேட்கும் என்பதால் சாயிராகுலுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. பின்னால் கேன்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த நெட்டைப் பையன் பார்தெக். மலைப்பாதையில் மூன்று தடவை இறங்கி வாந்தியெடுத்தான்.

மேலே முதல் வரவேற்பு தொக்தோர்பாயிடமிருந்துதான். குதிரையை விட்டு இறங்காமலே கரும்பலகையைப் பார்த்தார்.

"என்ன சாயிரா, ஆட்டுக்குப் பாடம் நடத்தப் போறியா?"

"ஆட்டுக்கு இல்லண்ணே. உங்க மகளுக்கு."

"குட்டிகளை யார் பார்க்கிறது? இந்தக் கொக்கு பார்க்குமா?" என்று சாட்டையால் பார்தெக்கைக் காட்டினார்.

"குட்டிகளை எப்ப மேய விடுவீங்க?"

"பனி காஞ்சப்புறம். பத்து மணி."

"அப்ப பத்து மணிக்குப் பிள்ளைங்க உங்க ஆட்டுக்கிட்ட நிக்கும். அதுக்கு முன்னாடி எனக்கு."

"ஒருநாள் தாமதமானாலும் கரும்பலகையை அடுப்புல வச்சிடுவேன்," என்றார் அவர். அந்த மலையில் அவர் சம்மதித்தால் மற்ற குடும்பங்களும் சம்மதித்த மாதிரி.

அன்றிலிருந்து அவளுடைய நாள் மாறியது. பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருந்த தன் மச்சினர் கூடாரத்தில் தங்கிக்கொண்டாள். ஐந்தரைக்கு லாரியைக் கிளப்பினால் கூடாரம் கூடாரமாகப் பாலும் ஏறும், பிள்ளைகளும் ஏறும். ஏழரைக்கு ஆற்றோரச் சமவெளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பாலோடு கீழே போவாள். பாடம் முடிந்தால், குதிரையிலேயே வந்திருக்கும் பெரிய பிள்ளைகள் சின்னதுகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகும். சாயங்காலம் அவள் காலிக் கேன்களோடு மறுபடி ஏறுவாள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் பெஞ்சுகளை மேஜையாக்கிப் புல்லில் மண்டியிட்டு, போலந்துக்காரர்கள் தங்கிய கம்பளிக் கூடாரத்தின் பக்கத்தில் சாய்த்துவைத்த கரும்பலகையை வாய் திறக்காமல் பார்த்தன. யாகோதா அட்டையைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்பாள். பதில் வராது. பார்தெக் பூனைபோலக் கத்தினான், நாய்போல நாலு காலில் நடந்தான். பிள்ளைகள் அவனுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டன.

"எங்களைப் பிடிக்கலையா அக்கா?" என்று யாகோதா லாரிப் படியில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"பிடிக்காமலா விடியறதுக்கு முன்னாடி வந்து ரோட்டுல நிக்குதுங்க? தப்பாச் சொல்லிட்டா பக்கத்துல இருக்கிறவன் வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பான். அந்த பயம்தான்."

அதைச் சொன்னபோதே அவளுக்கு யோசனை வந்தது. மறுநாள், என்ஜின் கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டே போய் முதல் வரிசையில், டீசல் கறை படிந்த கையை மடியில் வைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். யாகோதா மழை அட்டையைத் தூக்கினாள். சாயிராகுல் எழுந்து நின்று, முந்தின நாள் காதில் விழுந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள். அது பூனைக்கான ஆங்கில வார்த்தை.

பிள்ளைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன. பிறகு பின்வரிசையில் ஒரு சிறுமி சிரித்தாள். அவள்தான் தொக்தோர்பாயின் மகள் பெகாயிம், பத்து வயது.

"அது பூனை அக்கா. இது மழை." சரியான ஆங்கில வார்த்தையையும் சொன்னாள்.

"அப்படியா? வானத்துலேர்ந்து பூனை விழுதுன்னு நினைச்சேன்."

முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த அட்டையை அவள் மறுபடி தப்பாகச் சொன்னாள். ஏழெட்டுக் குரல்கள் திருத்தின. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். முதல் வார்த்தை மட்டும்தான் அப்படி, மற்றதெல்லாம் உண்மையாகவே தெரியாமல் சொன்னது என்று அவள் எர்கினிடம் போனில் ஒத்துக்கொண்டாள். தினமும் அரைமணி நேரம் என்ஜின் ஆறியது. பாலுக்குத் தாமதம் வராமலிருக்க ஐந்தரைக்குக் கிளம்பியவள் ஐந்து மணிக்கே கிளம்பினாள்.

பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வாத்தியார்களாகிவிடும். போலந்துக்காரர்களுக்குக் குதிரை ஏறவும் சாணம் உலர்த்தவும் பால் கறக்கவும் கற்றுக்கொடுத்தன. பார்தெக் கடிவாளத்தைப் பிடித்த விதத்தைப் பார்த்து ஆறு வயசுப் பயல் ஒருத்தன், "இந்தச் சாருக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லணும்," என்று சலித்துக்கொண்டான். பார்தெக் விழுந்ததை எண்ணிவைக்க ஒரு தனிக் கூட்டமே இருந்தது. ஜூலை பிறந்தபோது அவன் விழாமல் ஆற்றங்கரை வரை போய் வந்தான். அன்றைக்குப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று கை தட்டின.

ஜூலை நடுவில் மூன்று நாள் விடாத மழை. ஆறு பெருகி, லாரி கடக்கும் இடம் மூழ்கிவிட்டது. அக்கரையில் ஆறு கூடாரம், பதினோரு பிள்ளைகள். சாயிராகுல் இக்கரையில் லாரியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு தடியை ஊன்றி ஆழம் பார்த்தாள். இறங்கினால் லாரி போய்விடும். "இன்னைக்கு இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பும்போது அக்கரையில் தொக்தோர்பாய் வந்து நின்றார். பின்னால் பிள்ளைகள் வரிசையாக.

அவர் தன் பெரிய குதிரையை மேல்பக்கமாக நடத்தி, ஆறு அகன்று ஆழம் குறைந்த இடத்தில் இறக்கினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆறு தடவை போய் வந்தார். கடைசியாக மகளை இறக்கிவிட்டபோது அவருக்கு இடுப்புவரை நனைந்திருந்தது.

"நீங்க எதுக்குண்ணே? ஒருநாள் லீவு விட்டிருக்கலாமே."

"லீவா? ராத்திரியெல்லாம் இது அழுதுச்சு சாயிரா. ஆட்டை இங்கிலீஷ்ல கூப்பிடுது. என் ஆடுங்களுக்கே மூளை குழம்பிப்போச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்து மணிக்கு நானே வந்து கூட்டிக்கிறேன். பதினொண்ணு ஆனாலும் பரவாயில்ல."

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். யாரைக் கேட்டு அரசாங்கக் கரும்பலகையை மலைக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டு முகாஷையும் கையோடு கூட்டிவந்திருந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றன. அவர் புல்லில் நடந்து, பெகாயிம் முன்னால் நின்றார்.

"என்ன கத்துக்கிட்ட, சொல்லு பார்ப்போம்."

பெகாயிம் அவரை நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். "உங்கள் பெயர் என்ன? உங்களிடம் எத்தனை ஆடுகள் இருக்கின்றன? நீங்கள் ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?"

அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியாது. சுற்றிப் பார்த்தார். யாகோதா ரஷ்ய மொழியில் சொன்னாள். மூன்றாவது கேள்வியையும் அவள் விடவில்லை. அவர் குனிந்து அந்தச் சிறுமியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எட்டு ஆடுன்னு சொல்லுங்க. கோபம் இல்லன்னும் சொல்லுங்க." முகாஷ் பக்கம் திரும்பினார். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. இது உங்க யோசனையா?"

அந்தப் பெருமையைத் தனதாக்கிக்கொள்ள முகாஷுக்கு ஒரு தலையசைப்பு போதும். ஓய்வு பெற அவருக்கு இரண்டே வருஷம் இருந்தது. பாராட்டுக் காகிதம் ஒன்று கிடைத்தால் நல்லதுதான்.

"இல்ல," என்றார் அவர். "அதோ, பால் லாரிக்காரம்மா. நான் இவங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாயிராகுல் லாரிக்குக் கீழே படுத்திருந்தாள்; செருப்பு மட்டும்தான் தெரிந்தது. கூப்பிட்டபோது எழுந்து வந்து, அதிகாரிக்குக் கை கொடுக்காமல் கறையைக் காட்டித் தலையசைத்தாள். "பால் காத்திருக்குது சார்," என்று சொல்லிவிட்டு ஏறி ஓட்டிக்கொண்டு போனாள். முதல் வளைவு தாண்டியதும் லாரியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிறிது நேரம் அழுதாள். அதையும் எர்கினிடம் மட்டும்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் பதினைந்தில் நால்வரும் கிளம்பினார்கள். அடுத்த கோடையில் வேறு ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாம் வருஷம் யாராலும் வரமுடியாது என்று மே மாதம் யாகோதா எழுதினாள். முகாஷ் அதைப் படித்துக் காட்டியதும் சாயிராகுல் லாரியை எடுத்துக்கொண்டு நரீன் நகரத்துப் பல்கலைக்கழக விடுதிக்குப் போனாள். அவள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நிற்கவைத்துப் பேசினாள்.

"எங்கேயோ இருக்கிறவங்க நாலு நாடு தாண்டி வந்து நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. உங்களுக்கு நூறு கிலோமீட்டர். சாப்பாடு என்னோடது. யார் ஏறுறீங்க?"

"எங்களுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதே அக்கா," என்றான் ஒருவன்.

"எனக்கு வந்துச்சா? தெரிஞ்சதைச் சொல்லிக்கொடுங்க. கணக்கு சொல்லிக்கொடுங்க."

மூன்று பேர் ஏறினார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மேலே போனபோது ஆற்றோரச் சமவெளியில் புதிய கூடாரம் ஒன்று எழுந்திருந்தது. தொக்தோர்பாய் உள்ளேயிருந்து வெளியே வந்து, பலகையை எந்தப் பக்கம் மாட்டணும், வெளிச்சம் கிழக்கேயிருந்துதான் வருது, சீக்கிரம் சொல்லு என்று கேட்டார்.

அந்த வருஷம் செப்டம்பர் முதல் தேதி, பள்ளி திறப்பு நாளில், ஆசிரியர்கள் படியில் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் வழக்கம்போல் ஒவ்வொருவராகப் போய்ப் பூங்கொத்து கொடுத்தார்கள். முகாஷ் சாயிராகுலைக் கூப்பிட்டு வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "கழுவல சார், டீசல் வாடை," என்றாள்.

"நில்லும்மா."

முதலில் பெகாயிம் வந்தாள். அப்புறம் ஆற்றுக்கு அக்கரைப் பிள்ளைகள், அப்புறம் மற்றவர்கள். தோட்டத்து டாலியாக்களும் சாமந்திகளும் கை கொள்ளாமல், அவள் முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நிலையத்தில் பாலை இறக்க இன்னும் நேரமிருந்தது. அத்தனை பூவையும் லாரியின் முன் கண்ணாடியை ஒட்டி அடுக்கிவைத்து, பார்வைக்கு நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் விட்டு, ஊர் நடுவே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். கடைவாசலில் நின்ற ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள்.