அடியில் ஒன்றும் இல்லையே?

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவிலிருந்து கிளம்பும் எங்கள் ஆபீஸ் பஸ்ஸில் அவர் எனக்குப் பக்கத்து சீட்காரர். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். சட்டையில் மடிப்பு கலையாது. ஆனால் வலது கால் மட்டும் பஸ் நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். யார் லேப்டாப்பைத் திறந்தாலும், "என் பிளாக்கைக் கொஞ்சம் போடுங்க சார்" என்பார். போட்டால், எழுதியதைப் படிக்க விடமாட்டார்.

"கீழே போங்க. இன்னும் கீழே. விளம்பரம் எதுவும் வரலையே?"

ஒருநாள் எரிச்சலாகிவிட்டது. "வந்தால்தான் என்ன சார்?" என்றேன்.

"நக்கோ சார், வேணாம். ஒருதடவை விட்டுப் பார்த்தேன். எங்க தெரு போர் தண்ணி நாறுதுன்னு எழுதினா, அதுக்குக் கீழேயே தண்ணி சுத்தம் பண்ற மிஷின் விளம்பரம் வந்து உக்காந்துச்சு. வார்த்தையைப் பார்த்து அதுவா வருது. எதிர்வீட்டம்மா கேட்டாங்க, 'மிஷின் விக்கத்தான் நாறுதுன்னு எழுதினீங்களா?'ன்னு. அவங்களும் அதே தண்ணியத்தான் குடிக்கிறாங்க சார்!"

அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டாராம். ஆனாலும் பயம் போகவில்லை. பிளாக் இலவசமாகக் கிடைத்த இடம். இடம் கொடுத்தவனே என்றைக்காவது போட்டுவிட்டால்? தன் கம்ப்யூட்டரில் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்தால்?

பிறகு நான் வேலை மாறினேன், பஸ்ஸும் மாறியது. இப்போது நல்ல கட்டுரை என்று யாராவது எதையாவது அனுப்பினால், முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே என் கை பக்கத்தைக் கீழே கீழே இறக்குகிறது. அங்கே என்ன விற்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மேலே வருகிறேன். சில நாள் மேலே வருவதே இல்லை.