கடையின் மேல் நின்ற புள்ளி

1. நூல் மாறிய வருடம்

சான் அன்டோனியோவில் படைத்தள வாசலுக்கு எதிரே நான் தையல் கடை வைத்திருக்கிறேன். புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும்தான். பேன்ட் நீளம் குறைப்பேன், இடுப்பைப் பிடித்துத் தருவேன், சீருடையில் பெயர்ப் பட்டி, படைப் பட்டி, பதவிச் சின்னம் தைப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்துகளை உருவம் பார்த்துத்தான் பழகினேன். ஆனால் நான் தைத்த பட்டியை எந்த அதிகாரி ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் கோணல் சொல்ல முடியாது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஆரம்பத்தில் தரைப்படை, விமானப்படைச் சீருடைகள்தான் அதிகம் வரும். ஒரு வருடம் விமானப்படைக்காரர்கள் சிலர் வந்து, இருந்த பட்டியைப் பிரித்துவிட்டு வேறு பட்டி தைக்கச் சொன்னார்கள். விண்வெளிக்கென்று தனிப்படை வந்துவிட்டதாம். அதில் இருப்பவர்களுக்குக் கார்டியன், அதாவது காவலர், என்று பெயராம். நூல் நீலத்துக்கு மாறியது.

"வேலையும் புதுசா?" என்று வயதான ஒரு சார்ஜென்ட்டிடம் கேட்டேன். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன். "வேலை பழசும்மா. ராக்கெட் விட ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து விமானப்படைக்குள்ளயே இத செஞ்சிட்டுத்தான் இருந்தோம். இப்ப தனியா பிரிச்சிட்டாங்க. நேத்து உக்காந்த நாற்காலிலதான் இன்னிக்கும் உக்காந்தேன். பட்டி மட்டும்தான் வேற."

பழைய பட்டியைப் பிரித்தால் அதன் அடியில் துணி வெளுக்காமல் புதிதாக இருக்கும். நெஞ்சுக்கு நேரே நீளமாக ஒரு கறுத்த தடம். அப்படித் தடம் விழுந்த சட்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கும். ஸ்டீமர் ஆவி பட்டால் கைகள் மட்டும் லேசாக ஆடும். பட்டப்பகலிலேயே அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்காது. மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

2. ஆளில்லாத இடத்துக்குக் காவல்

அந்தப் படையில் நம் தமிழ்ப்பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் கவிதா. இந்த நாட்டிலேயே, ரிச்சர்ட்சன் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். முதலில் கொலராடோவில் ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிறகு இங்கே, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தாள்.

"நீ ராக்கெட்ல போயிருக்கியாடி?"

"நோ ஆன்ட்டி! எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. எங்க ரூம்ல ஜன்னல்கூட கிடையாது."

"அப்ப மேல போய் யாரு காவல் காக்கறா?"

"யாரும் இல்ல. மேல மிஷின்தான். நாங்க கீழேர்ந்து பாத்துப்போம். எங்கயாவது மிசைல் கிளம்பினா வார்ன் பண்றது, குப்பை வந்து சாட்டிலைட்ல மோதாம பாக்கறது, யாராவது நம்ம சிக்னலை ஜாம் பண்ணித் தடுக்கறாங்களான்னு பாக்கறது. அவ்ளோதான்."

"கண்ணால பாக்காததையா காவல் காக்கறீங்க?"

அவள் சிரித்தாள். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்து மேல பார்ப்பேன் ஆன்ட்டி. நான் அவ்ளோ நேரம் பேசிட்டிருந்த சாட்டிலைட் அங்கதான் எங்கயோ இருக்கும். ஒண்ணும் தெரியாது. வெறும் இருட்டு. இட்ஸ் வியர்ட்."

அன்று அவள் போன பிறகு நானும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேகம்கூட இல்லை. யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது, யாருமே இல்லாதது போலவும் இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

3. புள்ளி

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய். தனியாக விட முடியாது என்பதால் கடைக்கே கூட்டி வருவேன். டிரையல் ரூம் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. கேட்டி என்ற ஊரில் இருக்கும் எங்கள் மகள் சுதா, அவர் கையில் ஒரு வாட்ச் கட்டியிருந்தாள். அவர் எங்கே போனாலும் அவள் போனில் ஒரு புள்ளி காட்டும். அந்தப் புள்ளியை நம்பித்தான் நான் குனிந்து வேலை பார்த்தேன்.

ஆகஸ்ட் மாதம், உச்சி வெயில். அணிவகுப்புக்கு முந்தைய நாள் என்பதால் கடை நிறைய சட்டை. ஒரு காலர் முடித்துவிட்டு நிமிர்ந்தேன். நாற்காலி காலி. பாத்ரூமில் இல்லை. வாசலில் இல்லை. தெரு முனை வரை ஓடிப் பார்த்துவிட்டு சுதாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா எங்கடி இருக்காரு? பாத்து சொல்லு."

"என்னம்மா கேக்கற? உன்கிட்டதான் இருக்காரு. கடை மேலயே நிக்குது புள்ளி."

"இங்க இல்லடி."

"அம்மா, நல்லாப் பாரு. உன் பக்கத்துலதாம்மா இருக்காரு!"

கடையில் நான் ஒருத்திதான் நிற்கிறேன். சட்டைகள் தொங்குகின்றன. மிஷின் விளக்கு எரிகிறது. என் பக்கத்தில் இருக்கிறார் என்கிறாள். சட்டைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான்.

வாட்ச்சைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருப்பார் என்று தோன்றியது. துணிக் குவியலை எல்லாம் உதறினேன். அதில் கொஞ்ச நேரம் வீணாய்ப் போனது. சுதா 911-ஐக் கூப்பிட்டாள், கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். நாலு பேர் கோயிலுக்கும் இந்தியன் ஸ்டோருக்கும் கார் எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் வந்தார், போட்டோ கேட்டார், கடையைச் சுற்றி நடந்தார், கார்கள் பறக்கும் ஃப்ரீவே பக்கம் தேடப் போனார்.

4. இரும்புக் கதவு

அந்த நேரத்தில் சட்டை வாங்க கவிதா வந்தாள். அழுதுகொண்டே சொன்னேன். "நீ பாத்துக்கற அந்த சாட்டிலைட்டுக்கு ஒரு போன் போடுடி! அங்கிள் எங்கன்னு அது பாக்கும் இல்ல?"

அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஆன்ட்டி, கேளுங்க. அது அங்கிளை பாக்காது. யாரையுமே பாக்காது. அது டைம் மட்டும்தான் சொல்லிட்டே இருக்கும், எல்லாருக்கும். வாட்ச்தான் அதக் கேட்டு, தான் எங்க இருக்கோம்னு கணக்குப் போட்டுக்கும். மேல இரும்பு இருந்தா ஒண்ணும் கேக்காது. கடைசியா கேட்ட இடத்துலயே புள்ளி நின்னுடும்."

"அப்ப அவர்?"

"கடைசியா அங்கிள் தலைக்கு மேல வானம் இருந்தது இங்கதான். ஹி டிட்ன்ட் கோ ஃபார், பக்கத்துலதான் இருக்கணும்."

இரும்பு என்றதும் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். கடைகளுக்குப் பின்னால் டயர்க்கடை ஹெக்டர் பெரிய இரும்புக் கண்டெய்னர் ஒன்று வைத்திருக்கிறான். அதில்தான் டயர் அடுக்குவான். ஓடினோம். கதவு மூடி, வெளியே தாழ் போட்டிருந்தது. மூடின கதவுக்குள் ஆள் எப்படிப் போவார் என்று நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"ஆன்ட்டி," என்றாள் கவிதா. "இது யாரோடது?"

கதவு ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு. இரண்டும் ஒட்டி, நேராக, சுவரோரமாக. போலீஸ்காரர் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார். அவருக்கு அது யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய செருப்பு. வாசலில் இப்படிச் செருப்பு விட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பேர் சொல்லிக் கத்தினேன். காதை இரும்பில் வைக்கப் போனேன், சுட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கவிதா தாழை உதைத்து இழுத்தாள்.

வெயில் உள்ளே விழுந்தது. அவர் ஒரு டயர் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார். முகம் சிவந்து காய்ந்திருந்தது. வியர்வைகூட இல்லை. எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. எல்லாரும் டியூட்டில இருக்காங்க."

"யாருங்க?"

பின்னால் இருட்டில் கூரை வரை அடுக்கியிருந்த டயர்களைக் கை காட்டினார். அதற்குள் கவிதா அவரைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

5. பூட்டும் முன்

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். ஹெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். டெலிவரிக்குக் கிளம்பும் முன் கதவு திறந்திருந்ததாம். "யாராவது இருக்கீங்களா?" என்று அவனும் கேட்டானாம். பதில் வரவில்லை, மூடிவிட்டான். அவனை நான் என்ன சொல்ல? கேட்கத்தானே செய்தான்.

கடை, கிடங்கு, ஷட்டர் வைத்துப் பிழைக்கும் இளையவர்களுக்கு இதற்காகத்தான் எழுதுகிறேன். மூடும் முன் குரல் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே கடைசி மூலை வரை நடந்து பாருங்கள். புள்ளி காட்டும் கருவியை நான் குறை சொல்லவில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. மற்றதை நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

இப்போதும் அவரைக் கடைக்குக் கூட்டி வருகிறேன். என் மிஷினுக்கு எதிரிலேயே உட்கார வைத்திருக்கிறேன். சாயங்காலம் பூட்டும் முன் டிரையல் ரூம் திரையைப் பார்த்து "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்பேன். என் பக்கத்தில் நின்றுகொண்டே அவர், "இருக்கோம்" என்று பதில் சொல்லுவார்.

தினமும் சொல்லுகிறார். தினமும் நான் திரையை விலக்கி, உள்ளே நுழைந்து, மூலையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறேன்.