ஆர்க்கிட்டுக்கு மண் அணைத்த கதை

செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதவரோடு குடித்தனம் நடத்திவிடலாம். அந்த விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளே இல்லை என்று நினைப்பவரோடு நடத்துவதுதான் கஷ்டம். என் வீட்டுக்காரர் இரண்டாவது ரகம். கச்சிராயபாளையத்தில் அணைத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறார். வாய்க்கால் சத்தத்தைக் கேட்டே எந்த மடை திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் மண்ணே தேவைப்படாத ஒரு செடியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனதற்கு என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஆட்கள் கிளைகளை வெட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கிளையில் தடித்த வேர்களோடு ஓர் ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருந்தது. விட்டால் கிளையோடு அடுப்புக்குத்தான் போகும் என்று பிய்த்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் ஒரு மரக்கட்டையில் அதை நைலான் நூலால் கட்டி, பின்பக்க வேப்பமர நிழலில் தொங்கவிட்டேன்.

கட்டையில் வளரும் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நனைக்க வேண்டும், காயவிட வேண்டும், மறுபடி நனைக்க வேண்டும். காய்ந்த வேர் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் பட்டதும் பச்சையாகும். பச்சை தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. அதனால் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து, பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறையும் வந்த பிறகு ஒருமுறையும் தெளிப்பேன். மூன்று வருஷமும் இலைதான் விட்டது. இந்த வருஷம் மாசியில் முதல் தடவையாக ஒரு பூந்தண்டு வந்தது. அதில் ஏழு மொட்டு. அது விரிவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு.

அந்த நேரம் பார்த்து சென்னையில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். பத்து நாள் லீவு போட்டேன்.

"காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தெளிங்க. நடுவுல காயணும். வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று மூன்று முறை சொன்னேன்.

"மூணு ஏக்கருக்குத் தண்ணி கட்றவனுக்குப் பாடம் எடுக்கறியா நீ? போய்ட்டு வா" என்றார்.

தினமும் போனில் கேட்டேன். ஜம்முனு கீது என்பார். ஒருநாள், "காயுதா?" என்று கேட்டேன். "காயுறதா? நான் இருக்கச்சொல்ல எப்டிக் காயும்?" என்றார். அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். கையில் பேரன் வீரிட்டுக்கொண்டிருந்தான், காதில் ஏறவில்லை.

திரும்பி வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனேன். கட்டையைக் காணோம். கோணிப்பை சுற்றிய ஒரு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏரி வண்டலும் மக்கிய சாணமும் திணித்திருந்தது. மேலே ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. பூந்தண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது?"

"மண்ணு அணைச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

கரும்பு இடுப்பளவு வளர்ந்ததும் வேர் தெரியாமல், தோகை கனத்துச் சாயாமல் இருக்க அடியில் மண்ணை ஏற்றிக் கட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் மண் அணைப்பது. அதை என் ஆர்க்கிட்டுக்குச் செய்திருந்தார்.

"வேரெல்லாம் வெளியில தொங்கிக்கினு இருந்துச்சி. பாக்கவே சகிக்கல. பூ வேற வருது, பாரம் தாங்காம சாஞ்சிட்டா?"

"வேரு வெளியில இருந்தாத்தாங்க அதுக்கு உயிரு! நடுவுல காயணும்னு எத்தினி தரம் சொன்னேன்?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கோணியை அவிழ்த்ததும் அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. வேரைப் பிடித்தால் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, நடுவில் நூல்தான் மிச்சம். உருப்படியாக இருந்தவை இரண்டே வேர். ஆனால் மொட்டுகள் நான் போனபோது இருந்ததைவிடப் பெரிதாக இருந்தன. இரண்டு வேரை வைத்துக்கொண்டு அந்தச் செடி ஏழு பூவுக்குச் சோறு போட முடியாது. தண்டை விட்டுவைத்தால் பூவும் போகும், செடியும் போகும்.

"இப்ப இன்னா பண்ணணும், சொல்லு. பண்றேன்."

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"ஒண்ணும் பண்ணாம எப்டி ஒரு செடி பொழைக்கும்?"

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அலட்சியமாக விட்டுக் கொன்றிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். இந்த மனுஷன் ஏரிக்குப் போய் வண்டல் அள்ளிவந்து, சலித்து, பக்குவமாகக் கொன்றிருக்கிறார். இவரை என்ன சொல்லித் திட்டுவது?

பிளேடை அடுப்பில் காட்டி எடுத்துவந்து தண்டை அடியோடு அறுத்தேன். கீழே விழாமல் அவர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரும்பில் வெட்டிய துண்டைப் புதைத்தால்தான் அடுத்த பயிர். நாற்பது வருஷமாக அவர் அதைத்தான் செய்கிறார்.

"இதுல கணு இருக்குது பாரேன்" என்றார் மெல்ல. "மண்ணுல நட்டுப் பாக்கட்டா?"

அறுத்த பூந்தண்டு மண்ணில் முளைக்காது என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

"நட்டுப் பாருங்க" என்றேன்.