கடிக்கிற குழாய்க்கு ஒரு சான்றிதழ்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் கடிக்கும். ஹீட்டர் ஓடும்போது வெறும் கையால் திருகினால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுருக்கென்று ஏறும். வேறு வீடாக இருந்தால் மறுநாளே ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் அதை நாய் வளர்ப்பதுபோல வளர்த்தேன். "வீட்டாளுகளை ஒண்ணும் செய்யாது, புது ஆளுன்னாத்தான் லேசாப் பிடிக்கும்" என்று விருந்தாளிகளிடம் பெருமை வேறு. ரப்பர் செருப்பு போட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திறப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மகள் அப்படியே குளித்து வளர்ந்து, கல்யாணமாகி வீரபாண்டியன்பட்டினத்துக்குப் போனாள்.

வழக்கம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர் அவளுடைய மாமியார். மகள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது மாதா திருவிழாவுக்கு வந்தவர், கால் கழுவ, ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த குளியலறைக்குள் போனார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த மரியாதைக்காரர். "சேசுவே!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெளியே வந்து உட்கார்ந்தார். மனைவி பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"இந்தத் தம்ளர் கடிக்குமா அண்ணே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான், அது முறை. நான் மாட்டேன்னு சொல்லலை" என்றார் சம்பந்தி அம்மாள். "ஆனா லைசென்ஸ் உள்ள ஆளு வந்து இந்த வீட்டு வயரிங்க முழுசாப் பாத்து, சரின்னு எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பொறவுதான் பிள்ளைய அனுப்புவேன். இல்லன்னா பேறு எங்க வீட்டுலதான்."

என் மனைவி அதற்குள் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். பின்னறையைக் காலி செய்து கட்டிலைக்கூட ஜன்னலோரம் நகர்த்தியாயிற்று. அன்று சாயங்காலம் குசினியில் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியாக அவளும் பேசினாள்.

"பிள்ளை அங்கன பிறந்துச்சுன்னா, நீங்க அந்தக் குழாயவே மடியில போட்டுத் தாலாட்டுங்க."

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் செய்து கொடுக்கும் கம்பெனியில் நான் குமாஸ்தா. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. பெட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். காகிதம் சரியென்றால் உலகம் சரி. ஒருவகையில் இது எங்கள் கரையின் பழைய வழக்கம்தான். முத்துக்குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பாராம். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டியபிறகுதான் ஆட்கள் தண்ணீரில் குதிப்பார்களாம். எனக்கும் அப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார். கரண்டின் வாயைக் கட்டுகிற மாதிரி ஒரு சீல், ஒரு கையெழுத்து.

விசாரித்ததில் மின் பாதுகாப்புச் சோதனைக்கென்றே உரிமம் வாங்கிய ஒரு பொறியாளர் அம்மையார் அகப்பட்டார். நாள் குறித்தாயிற்று. சர்வேயர் வருவதற்கு முன்னால் கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான், சும்மா இருப்பேனா? பழுத்துப்போன சுவிட்சுகளையெல்லாம் பற்பசை வைத்துத் தேய்த்து வெள்ளையாக்கினேன். தொங்கிய வயர்களுக்கு முன்னால் காலண்டர் மாட்டினேன். கூடத்தில் ஒரு சுவிட்ச் போர்டு தீய்ந்து கரிச்சட்டி மாதிரி இருந்தது. அதற்குமேல் திருஇருதயப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினேன். ஆண்டவரைத் தாண்டி யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

அம்மையார் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் கப்பல் சங்கு. துறைமுக முறைப்படி முதலில் நாற்காலி, அடுத்து டீ, அதற்கடுத்து தட்டு நிறைய மக்ரூன். இந்த வரிசையில் போனால் டீ ஆறுவதற்குள் கையெழுத்து விழுந்துவிடும் என்பது என் அனுபவம். அவர் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மெயின் போர்டு எங்கன இருக்கு அண்ணாச்சி?"

காட்டினேன். மூடியைத் திறந்தார். எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பே நிற்காது. செம்பு என்ன செய்யும்? கம்பிகளெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மடித்துச் செருகிய கம்பி. என் கைவேலைதான்.

கூடத்துக்கு வந்தவர் திருஇருதயப் படத்தின் முன்னால் நின்றார். நெற்றியில் சிலுவை போடுவார் என்று நினைத்தேன்.

"ஆண்டவரை இறக்கிக் கீழ வைங்க."

"மேடம், அது மந்திரிச்சு வச்ச படம்..."

"நேத்துத்தான் இங்கன வந்துச்சு" என்றாள் மனைவி, கதவோரத்திலிருந்து. சுங்கத்துக்குத் துப்புக் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்ததில்லை.

படத்தை இறக்கினேன். கரிச்சட்டி வெளிப்பட்டது. "ஒளியிறதுக்கு இவரா கிடைச்சாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனார் அம்மையார். ஹீட்டரைப் போடச் சொல்லி, குழாயில் டெஸ்டரை வைத்தார். அதற்குள்ளிருந்த சின்ன பல்பு, கிறிஸ்துமஸ் ஸ்டார் மாதிரி எரிந்தது.

"எர்த் குழி எங்க?"

எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானத்தை அங்கேதான் எடுத்துவிட்டேன். "குழியே தோண்டலை மேடம். உப்பும் கரியும் போட்டு எர்த் குழி தோண்டணும்னு வீடு கட்டும்போதே சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். நம்ம ஊர்ல மண்ணும் உப்பு, தண்ணியும் உப்பு, காத்தும் உப்பு. இங்க போயி உப்பைக் காசு குடுத்து வாங்கிப் பொதைக்கச் சொன்னா எவனாவது கேப்பானா?"

"சரி, ஹீட்டரோட எர்த் வயரை எதுல கொண்டுபோயிக் கட்டுனீங்க?"

"அந்தா, இரும்புப் பைப்புலதான். பைப்பு எப்படியும் மண்ணுக்குள்ளதான போகுது?"

"மண்ணுக்குப் போகுமுன்னாடி குழாய்க்குப் போகுதுல்லா! ஹீட்டர்ல லீக் ஆகுத கரண்ட நீங்களே பைப்பு போட்டுக் கைக்குக் கொண்டுவந்திருக்கீங்க. இதுல மாசமா இருக்க பிள்ளை குளிக்க வருதாக்கும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிள்ளை அப்பன் சொன்னான் என்பதற்காகச் சின்ன வயதிலிருந்தே துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தக் குழாயைத் திருகியவள். சிரிப்பு எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் வரவில்லை.

மறு நிமிஷம் தொழில்புத்தி வந்துவிட்டது. எங்கள் காகிதங்களில் அருமையான வாசகம் ஒன்று உண்டு: 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது.' பெட்டிக்குள் முந்திரி இருந்தாலும் மண்ணாங்கட்டி இருந்தாலும் எழுதியவன் தப்பித்துவிடுவான்.

"மேடம், வேலையப் பின்னாடி பாத்துக்கிடலாம். இப்போதைக்கு 'வீடு பாதுகாப்பாக இருப்பதாகச் சொல்லப்படுகிறது'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்களேன்."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

அம்மையார் ஹீட்டர் இணைப்பைத் துண்டித்தார். இரண்டாவது மக்ரூனைத் தின்று முடித்தார். வேலை முடிந்தபின் கூப்பிடுங்கள், மறுபடி வந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. சுவரெல்லாம் கீறல், தரையெல்லாம் தூசி. வேலையாட்கள் வந்து வயரை உருவி மாற்றினார்கள். லீக் ஆனால் கண் இமைப்பதற்குள் மொத்த கரண்டையும் நிறுத்திவிடுகிற பிரேக்கர் ஒன்று போட்டார்கள். கொல்லையில் குழி தோண்டி, கரியைப் போட்டு, ஒரு மூட்டை உப்பையும் கொட்டினார்கள். உப்பளக்காரர் ஒருவர் அந்த வழியே சைக்கிளில் போனார். "என்ன அண்ணாச்சி, எங்களுக்குப் போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மையார் சொன்னபடியே திரும்பி வந்தார். ஒவ்வொரு இடமாகச் சோதித்தபிறகு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அதைப் படம் பிடித்து அந்த நிமிஷமே வீரபாண்டியன்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டாள் மனைவி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, மகளைக் காரில் கூட்டிக்கொண்டு சம்பந்தி அம்மாள் வந்தார். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியார் உட்காரவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். ஹீட்டரைப் போடும் சத்தம் கேட்டது. நானும் மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டு வெளியே நின்றோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "பிள்ளையோட பைய உள்ள வைங்க மதினி" என்று என் மனைவியிடம் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பையைத் தூக்கினாள்.

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இனி ஒரு பயமும் இல்ல தங்கச்சி. எல்லாத்தையும் கூடவே நின்னு பாத்துட்டேன், தொழில் பிடிபட்டுப் போச்சு. இனிமே சின்னச் சின்ன கரண்டு வேலைன்னா நானே பாத்துக்கிடுவேன்."

சம்பந்தி அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப பிள்ளைய இப்பமே கூட்டிட்டுப் போயிருதேன்."