மரகதம் கையெழுத்திட மறுத்த ஒப்பந்தம்

வியாழக்கிழமை காலை கிணத்துக்கடவிலிருந்து மரகதத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றார். நம் பணிமனைச் சங்கத்தில் அவரோடு இருந்தவர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறோம். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் கோவையில் அரசுப் பேருந்து நடத்துநர், சங்கச் செயலாளர். மரகதம் பணிமனையில் வண்டிகளைக் கூட்டிக் கழுவும் துப்புரவுப் பணியாளர். விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு அரசு அழைத்தபோது எங்கள் ஐவர் குழுவில் அவரும் இருந்தார். துப்புரவுப் பெண்களின் ஆதரவு வேண்டும் என்பதற்காகத்தான் சேர்த்தேன். இன்று அதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்னையில் முதல் நாளே அறையில் ஒரு நாற்காலி குறைந்தது. "அந்தம்மா வெளியே இருக்கட்டுமே" என்றார் ஓர் அதிகாரி. மரகதம் பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் அருகே போட்டு உட்கார்ந்தார்.

"பேசுங்க சார், கேக்கறேனுங்க."

நான்காம் சுற்றில் ஊதியமும் விடுப்பும் முடிவாயின. தட்டச்சு செய்த ஒப்பந்தம் வந்ததும் நான் பேனாவைத் திறந்துவிட்டேன். மரகதமோ, தினக்கூலியாகவே வைத்திருந்த துப்புரவுப் பெண்களைப் பற்றிய பத்தியை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். அவர்களுடைய பணி நிரந்தரம் 'பரிசீலிக்கப்படும்' என்றிருந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

"உங்க வேலைதான் நிரந்தரமாச்சே அம்மா. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் அதிகாரி.

"ஆயிருச்சுங்க. அதுக்கு முன்னாடி பதினோரு வருசம் என்னையும் பரிசீலிச்சுட்டேதான் இருந்தாங்க."

அதிகாரி பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

வராந்தாவில் நான் கோபப்பட்டேன். "அத்தனை பேர் காத்துட்டிருக்காங்க அம்மணி. ஒரு சொல்லுக்காக உடைச்சுப்போட்டு ஊருக்குப் போனா மூஞ்சியில துப்புவாங்க."

"நீங்க போட்டுக்கங்கண்ணா, தடுக்கலீங்க. ஆனா அந்தப் பொம்பளைங்களுக்கு என்ன பதில்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

என்னால் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய்ப் பேனாவை மூடினேன். பேச்சுவார்த்தை முறிந்தது.

கோவை திரும்பிய மறுநாள் பணிமனை வாயில் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "தீபாவளி வருது, யாரைக் கேட்டு எந்திரிச்சு வந்தீங்க?" என்று ஓட்டுநர்கள் கத்தினார்கள். மரகதம் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஏனுங்க, காலையில நீங்க ஏறி உக்கார்ற வண்டியில எவனோ எடுத்த வாந்திய அள்ளுறது யாருங்க? அவங்களை உட்டுப்போட்டு சம்பள உயர்வ வாங்கிக்கறோம்னு கை தூக்குங்க. நாளைக்கே போயி நான் கையெழுத்துப் போடறேன்."

ஒரு கையும் எழவில்லை. அதிகமாகக் கத்திய ஓட்டுநர்தான் கடைசியில், "திரும்பப் போயி கேளுங்க அம்மணி, நாங்க இருக்கறோம்" என்றார். அன்று எங்கள் சங்கத்தை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தீபாவளி நேரத்தில் வண்டிகள் நின்றுவிடும் என்று அரசு அஞ்சியிருக்க வேண்டும்; அடுத்த வாரம் மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை அந்தப் பத்தியில் 'ஆறு மாதத்திற்குள் நிரந்தரமாக்கப்படுவார்கள்' என்றிருந்தது. மரகதம் இரண்டு முறை படித்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். அவர் பெயருக்குக் கீழே நான் என் பெயரை எழுதினேன்.

படியிறங்கும்போது, "நம்ம புள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிப்போடுங்கண்ணா. நான் சொன்னா அழுதுருவேன்" என்றார்.

அதன்படி பணிமனை முற்றத்தில் அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அதுவரை மேற்பார்வையாளர்கள் அவர்களை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஈரக் கைகளோடு ஒருத்தி முன்னே வந்து, "இருக்கேனுங்க" என்றாள். மரகதம் கூட்டத்தின் கடைசியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதவியும் மாலையும் பின்னால் எனக்கு நிறைய வந்தன. என்னோடு தங்கியிருப்பவை 'இருக்கேனுங்க' என்ற அந்தக் குரல்கள். அவை மரகதம் எனக்குக் கொடுத்தவை.