"அதுக்குப் பிறகு?" என்று கேட்டவர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். லோஜினி மிஸ் காலமாகிவிட்டார் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நல்லூரில் ஒரு கடையில் தோசைக்குக் காத்திருந்தேன். கண்ணீர் வரவில்லை. 'என்ரை கதையை ஆரிட்டையாவது சொல்லிப்போட்டுப் போனாவோ?' என்ற சந்தேகம்தான் வந்தது. பிறகு தோசை வந்தது. சாப்பிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காக: பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் ஆங்கிலம் படிப்பித்தோம். எனக்கு இலக்கணம். அவருக்கு, பிள்ளைகள் தங்கள் வாழ்வில் நடந்ததைத் தாங்களே எடுத்துச் சொல்லும் வகுப்பு. இருவர் இருவராக இருத்துவார். ஒருவர் தன் அனுபவத்தை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். கேட்டவர் அதைச் சொன்னவருக்கே தமிழில் திருப்பிச் சொல்லவேண்டும். இன்னொரு வாயால் கேட்டால்தான் தன் கதை தனக்கு விளங்குமாம்.

ஒரேயொரு சட்டம் வைத்திருந்தார். "எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை?" என்று அங்கே எவரும் எவரையும் கேட்கக்கூடாது. "ஊரைக் கேட்டால் கதை நிண்டுபோயிடும்" என்பார். அவரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஊர் கேட்காத மனிசியை நம்பலாமா? முன்பே விசாரித்து முடித்தவர்தானே கேட்காமல் இருப்பார்? அவர் வட்டுக்கோட்டைக்காரர் என்பதையே நாங்கள் மரண அறிவித்தலில்தான் அறிந்தோம்.

வகுப்பில் நடுவில் நிற்கமாட்டார். கதிரையை இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பிள்ளைகள் எல்லோரையும் வலப்பக்கம் இருத்துவார். சுவருக்கு அப்பால் என் வகுப்பு. இடது காதைச் சுவரில் வைத்து என் இலக்கணத்தை ஒட்டுக்கேட்கிறார் என்று நான் முடிவே செய்துவிட்டேன். உண்மையில் ஒட்டுக்கேட்டவன் யார் என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

ஒரு பிள்ளை, தன் அப்பாவின் ஓட்டோவில் வந்து, சிநேகிதிகள் காணாமல் இருக்க வாசலுக்கு முந்திய வளைவிலேயே இறங்கிவிடுவதைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் திருப்பிச் சொன்னாள்: "நீ வளைவிலை இறங்கிறனி. உன்ரை அப்பா நீ உள்ளை போகுமட்டும் அங்கையே பாத்துக்கொண்டு நிக்கிறவர்." எல்லாம் சுவர்வழியே என் காதில் விழுந்தது. பிறகு மிஸ்ஸின் குரல்.

"அதுக்குப் பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை மிஸ்."

"அப்ப கதை முடியேல்லை, பிள்ளை."

அடுத்த கிழமை ஓர் ஓட்டோ ஹோர்ன் அடித்தபடி வாசலிலேயே வந்து நின்றது. மிஸ் காசு கொடுத்துப் பிடித்த ஓட்டோ என்று எனக்குச் சந்தேகம். மெல்லப் போய் விசாரித்தேன். "என்ரை மகள்தான் ஐயா, வாசலுக்கு வாங்கோ அப்பா எண்டவள்" என்று அந்த மனிதர் கண்ணைத் துடைத்தார். அப்போதும் எனக்கு அரைவாசி நம்பிக்கைதான்.

முடியாத கதை ஒன்று எனக்கும் இருந்தது. இளவயதில் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்காகக் கொழும்பில் நேர்முகத் தேர்வு. ஒரு வெள்ளைக்காரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். ஆங்கிலம் படிப்பிக்கிற என் வாயிலிருந்து தண்ணீர் கேட்கக்கூட ஒரு சொல் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். ஊரோ, 'மண்ணை விட்டுப் போக மனமில்லாமல் வந்தவன்' என்று தானே முடிவு கட்டி, விழா எடுத்துப் பொன்னாடையும் போர்த்தியது. போர்த்திய பிறகு எப்படிக் கழற்றுவது?

மழை பெய்து மின்சாரமும் போன ஒரு பின்னேரம், ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையிலிருந்த மிஸ்ஸிடம் குனிந்து, மெல்லிய குரலில் முழுவதையும் சொல்லிவிட்டேன். விடைத்தாளில் கண்ணை வைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தவர், நான் நிறுத்தியதும் திரும்பினார்.

"ம்… அதுக்குப் பிறகு?"

"பிறகென்ன அக்கா, பொன்னாடைதான்."

"யோசியும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் ஒன்றுமே நடவாததுபோல் என்னைப் பார்த்தார். அதைவிடச் சந்தேகத்துக்குரிய பார்வை உண்டா? அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகள் சேர்ந்து சிரித்தால், என் கதைதானோ என்று காது கொடுப்பேன். ஒரு கூட்டத்தில் எவரோ என் மண்பற்றைப் புகழ்ந்தபோது, முன்வரிசையில் இருந்து கைதட்டினார். நக்கலாகத் தட்டினார் என்று எடுத்துக்கொண்டு, ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

செத்தவீட்டில் ஒரு மாணவியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "மிஸ் என்னைப்பற்றி ஏதும் சொன்னவாவோ?"

"ஓம் சேர், சொன்னவா."

சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்றேன்.

"அந்தச் சேர் பகிடியாக் கதைப்பார், ஒருநாளைக்கு வகுப்புக்குக் கூட்டிவரவேணும் எண்டவா."

ஆக, அவர் சொல்லவில்லை. இத்தனை காலம் நான் காவலிருந்தது திருட ஒன்றுமில்லாத ஒரு வெறும் வளவுக்கு. போன கிழமை அவருடைய வகுப்பை நானே எடுத்தேன். அதே சுவரோரக் கதிரையில் இருந்து கொழும்புக் கதையைச் சொன்னேன். ஒரு பெட்டை திருப்பிச் சொன்னாள்: "உங்களுக்கு வாய் திறபடேல்லை சேர். ஊர்தான் உங்களுக்காகக் கதைச்சது." வகுப்பே விழுந்து சிரித்தது. பிறகு எல்லோரும் ஒரே குரலில், "அதுக்குப் பிறகு?" "யோசிக்கிறன் பிள்ளையள்" என்றேன். அன்றைக்குத்தான் பொன்னாடையின் சூடு தணிந்தது.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியையும், ஒரு நம்பிக்கையையும்தான். யாழ்ப்பாணத்திலும் ஒருவர் காதில் போட்ட கதை அங்கேயே தங்கும் என்ற நம்பிக்கை.

நேற்று முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் அவருடைய அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்தார். "தங்கச்சிக்குச் சின்னனிலையிருந்தே இடது காது கேளாது, தம்பி. வெளியிலை ஆருக்கும் சொல்லமாட்டா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே?" என்றார்.

ஆசிரியர் அறையில் என் மேசை அவருக்கு இடப்பக்கம்.